எஞ்சிய நூல்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. இம்மூன்றனுள் உடை பலர் கைகளைக் கடந்து வருவது. பருத்தியைப் பறிப்பவர், கொட்டையை நீக்குபவர், பஞ்சைக் கொட்டித் தூய்மை செய்பவர், நூற்பவர், சாயம் தோய்ப்பவர், பாவு ஓடுபவர், நெய்பவர் ஆகிய இத்துணைப் பேருடைய உழைப்பும் ஒன்று கூடினாலன்றி ஒரு முழத் துணியும் உருவாவதில்லை. ஆதலின், துணி என்பது மடித்து வைக்கப்பெற்ற உழைப்பே எனலாம். துணி ஆகாமல் எஞ்சிய நூலோ பயன் பெறாது காத்திருக்கும் உழைப்பாகும். அந்நூலை வீட்டிலுள்ளோர் பின்னியும் நெய்தும் எங்ஙனம் பயன்படுத்தலாம் என்பதை அறிதல் நலம்.

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும். புலவர் இயற்றும் ஏட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தது சிந்திக்கத் தக்கது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இவ்வொற்றுமையைத் தம் பாயிரத்தில் விளக்கியுள்ளார். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் உருவகம் செய்தார். சங்க இலக்கியங்களிலும் பருத்தி நூற்கும் பெண்டிர் இடம் பெறுகின்றனர். நூற்றல் தொழில் தமிழ் மக்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமானது என்பதற்கு இவை சான்றுகள். நல்ல புலவன் ஒரு சொல்லையும் வீணாக்கான். நூலின் அருமை அறிந்தவனும் ஓர் இழையை வீணாக்க ஒருப்படான்.

நூல் எஞ்சுவது ஏன்?

நூல் எஞ்சுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில தொழிலின் இயல்பிலேயே அமைந்தவை. கைத்தறியில் நீளவாக்கில் பூட்டப்படும் இழைகள் பாவு எனப்படும். குறுக்கே ஓடுவது ஊடை. பாவின் ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணி வழியாகவும், அச்சின் பற்களுக்கு இடையேயும் சென்று, நெய்த துணி சுற்றப்படும் உருளையை அடைகிறது. நெசவு முடிவை நெருங்கும்பொழுது, விழுதும் அச்சும் நிற்கும் இடத்திற்கு அப்பால் உள்ள பாவை நெய்ய இயலாது. நாடா ஓடுவதற்கு வேண்டிய இடைவெளி அங்கே திறவாது. எத்துணைத் தேர்ந்த நெசவாளரும் அச்சிறு பகுதியைத் துணியாக்க முடியாது. பட்டறிவு மிக்க நெசவாளர் அதனையும் வீணாக்குவதில்லை. அவ்விழைகளை விழுதிலும் அச்சிலும் அவ்வாறே விட்டு வைத்து, புதுப் பாவின் இழைகளை அவற்றின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவர். ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் கண்ணிகளில் கோக்கும் பெருந்தொல்லை இதனால் நீங்குகிறது. பழைய பாவின் எச்சம் புதிய பாவிற்கு வழிகாட்டியாக நிற்கிறது.

வீட்டில் கம்பளி பின்னுவோரிடமும் நூல் எஞ்சுகிறது. ஒரு சட்டைக்கு எட்டு உருண்டை நூல் வேண்டும் என மதிப்பிட்டு ஒன்பது வாங்குவர். பாதியில் நூல் குறைந்தால் அதே சாயத் தோய்வில் மறுபடியும் கிடைத்தல் அரிது. ஒரே வண்ணமாயினும் ஒரு தொட்டியில் தோய்ந்த நூலும் மற்றொரு தொட்டியில் தோய்ந்த நூலும் சிறிது வேறுபட்டுத் தோன்றும். இவ்வச்சத்தால் மிகுதியாக வாங்குதல் அறிவுடைமையே. வேலை முடிந்தபின் எஞ்சிய ஓர் உருண்டை பெட்டிக்குள் செல்கிறது. அடுத்த வேலையில் எஞ்சியதும் அதனோடு சேர்கிறது. இவையன்றி, கடையில் கண்ட வண்ணத்தில் மயங்கி, இன்னதற்கு என்ற எண்ணமின்றி வாங்கிய நூலும் அப்பெட்டியில் உறங்குகிறது. சில ஆண்டுகளில் பெட்டி நிறைந்துவிடுகிறது.

சிறிதென்று இகழலாகாது

எஞ்சிய நூலைக் கண்டு, "இத்துணைச் சிறிய நூலால் யாது பயன்?" என்று பலர் வினவுவர். இதற்குக் கணக்கே விடை கூறும். பருத்தி நூலின் நேர்த்தியை எண்ணால் குறிப்பது மரபு. 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகுமோ அத்தனையாம் எண் நூல் என்பர். நாற்பதாம் எண் நூலில் ஒரு பவுண்டிற்கு நாற்பது சிட்டம். அஃதாவது 33,600 கெஜம். இதனை மெட்ரிக் அளவிற்கு மாற்றினால், ஒரு கிராம் நூலின் நீளம் ஏறத்தாழ 68 மீட்டர் ஆகும். ஆகவே உள்ளங்கையில் அடங்கும் பத்துக் கிராம் நூலை விரித்தால் அஃது அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு நீளும்.

அந்நூலை ஊடையாகக் கொண்டு ஒரு மீட்டர் அகலமுள்ள துணி நெய்வதாகக் கொள்வோர், ஓர் ஓட்டத்திற்கு ஒரு மீட்டரும் பத்துச் சென்டிமீட்டரும் ஒதுக்க வேண்டும். இழை வளைந்து செல்வதால் அச்சிறு மிகுதி செலவாகும். அவ்வாறு அறுநூறு முறைக்கு மேல் நாடாவை ஓட்டலாம். சென்டிமீட்டருக்கு இருபது ஓட்டம் வீதம் நெய்தால் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் நீளத் துணி கிடைக்கும். குப்பையில் எறிய எண்ணிய பத்துக் கிராம் நூல் சில கைக்குட்டைகளுக்கு ஊடையாகிவிடுகிறது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது நூலுக்கும் பொருந்துவதே.

வறுமை கற்பித்த கலை

எஞ்சிய நூலின் அருமையைச் செல்வக் காலத்தில் உணர்வோர் சிலரே. தட்டுப்பாடு வரும்பொழுது அதனை யாவரும் உணர்வர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. போருக்கு வேண்டிய பொருள்களைச் செய்ய ஆலைகளும் தொழிலாளரும் தேவைப்பட்டனர். கடல் வழியாகப் பஞ்சும் கம்பளியும் கொண்டு வருதலும் அரிதாயிற்று. ஆதலின் 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அந்நாட்டு அரசு துணிப் பங்கீட்டு முறையை அறிவித்தது. முதலாண்டில் வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் 66 பங்கீட்டுச் சீட்டுகள் வழங்கப்பெற்றன. பின்னர் அவ்வெண்ணிக்கை குறைந்தது. கடையில் ஆடை வாங்குவோர் விலையோடு சீட்டுகளையும் கொடுத்தல் வேண்டும். பின்னுவதற்குரிய கம்பளி நூலுக்கும் சீட்டு உண்டு. இரண்டு அவுன்சு, அஃதாவது ஏறத்தாழ 57 கிராம் நூலுக்கு ஒரு சீட்டு என வரையறுக்கப்பட்டிருந்தது.

அந்நாளில் வீட்டில் முன்னரே இருந்த நூலுக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே பெட்டிகளில் உறங்கிய நூலெல்லாம் வெளியே வந்தது. அதுவும் போதாதபோது, பிள்ளைகள் வளர்ந்ததால் சிறிதாய்ப் போன கம்பளிச் சட்டைகளைத் தாய்மார் பிரிக்கலாயினர். பின்னல் துணிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரே இழை கண்ணி கண்ணியாக வளைந்து அத்துணியை ஆக்குவதால், முடிவு நுனியை அவிழ்த்து இழுத்தால் துணி முழுவதும் மீண்டும் நூலாகிவிடும். நெய்த துணியில் இஃது எளிதன்று. பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துவர். கண்ணிகளில் வளைந்து கிடந்த இழை நிமிர்ந்து, புதிய நூல் போல் ஆகும். முழங்கையில் தேய்ந்து மெலிந்த பகுதியை மட்டும் நீக்கிவிடுவர். மூத்தவன் சட்டை இளையவனுக்குக் காலுறையாகவும், தந்தையின் மேற்சட்டை மகளுக்குக் குல்லாயாகவும் மறுபிறவி எடுத்தது.

1943ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் சார்பில், 'இருப்பதைக் கொண்டு செய்துகொள், பழுதானதைச் செப்பனிடு' என்னும் பொருள்பட்ட பெயருடைய சிறு நூல் ஒன்று வெளிவந்தது. தைத்தல், ஒட்டுப் போடுதல், பிரித்துப் பின்னுதல் ஆகியவற்றை அது வீட்டுப் பெண்டிர்க்குக் கற்பித்தது. ஊர்தோறும் இவற்றிற்கு வகுப்புகளும் நடைபெற்றன. போர் 1945இல் முடிந்தது. ஆயினும் துணிப் பங்கீடு 1949ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் வரை நீடித்தது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஒரு நாட்டு மக்கள் நூலை எண்ணி எண்ணிச் செலவிட்டனர்.

அரசு ஆணையிட்டதால் பிரிட்டன் மக்கள் கற்றதை, வேறு நாட்டு மக்கள் எளிய வாழ்வினாலேயே நெடுங்காலம் முன்னர்க் கற்றிருந்தனர். வங்காளத்துப் பெண்டிர் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்வர். அதில் பூவும் கொடியும் விலங்கும் தைப்பதற்கு வண்ண நூல் வேண்டுமன்றோ? அதனைக் கடையில் வாங்காமல், பழைய சேலையின் வண்ணக் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுப்பது அவர்தம் வழக்கம். சேலையின் நடுப்பகுதி போர்வையாயிற்று. அதன் கரையோ போர்வையின் அணியாயிற்று.

சப்பான் நாட்டின் வடபகுதி குளிர் மிக்கது. அங்கே பருத்தி விளையாது. தெற்கிலிருந்து கப்பலேறி வந்த பழந்துணியே உழவர் குடிகளுக்குப் பெரும்பேறாக இருந்தது. அத்துணியும் கந்தலானபின், அதனை மெல்லிய நாடாக்களாகக் கிழித்து ஊடையாக்கி, உறுதியான பாவில் நெய்தனர். 'சாகியோரி' எனப்படும் அத்துணி தடித்து, குளிரைத் தாங்கி, வேலைக்குரிய ஆடையாகப் பயன்பட்டது. கிழித்தல், நெய்தல் என்னும் இரு தொழிலின் பெயர்களும் சேர்ந்து அத்துணியின் பெயராயின. மொழியும் நிலமும் வேறுபட்டும், பழையதிலிருந்து புதியது செய்யும் அறிவு மக்கட்குப் பொதுவாய் இருத்தல் காண்க.

முதற்பணி வகைப்படுத்தல்

எஞ்சிய நூலைப் பயன்படுத்த விரும்புவோர் முதற்கண் செய்யத் தக்கது வகைப்படுத்துதலாகும். கண்ணில் பட்ட நூலையெல்லாம் சேர்த்துப் பின்னினால் ஒரு முறை துவைத்த அளவில் அவ்வேலை கெடும். கம்பளி வெந்நீரில் சுருங்கும். பருத்தி அவ்வாறு சுருங்காது. ஆக்ரிலிக் முதலிய செயற்கை நூல் சூட்டில் இளகி உருக்குலையும். இம்மூன்றும் ஒரே துணியில் கலந்தால் ஒரு பகுதி இழுபட, மற்றொரு பகுதி தொங்கும்.

இன்ன நூல் என்று தெரியாதபோது பெரியோர் ஒருவர் முன்னிலையில் சிறு துண்டை எரித்துப் பார்த்து அறியலாம். பருத்தி தாள் எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பல் ஆகும். கம்பளி மெல்லப் புகைந்து, மயிர் கருகும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். செயற்கை நூலோ உருகி, ஆறியபின் கடினமான மணியாக இறுகும். ஆறும்முன் அதனைத் தொடுதல் ஆகாது.

அடுத்து நூலின் பருமனை அறிதல் வேண்டும். அளவுகோலின் மீது நூலை இறுக்காமலும், இடைவெளி விடாமலும் ஓர் அங்குல நீளத்திற்குச் சுற்றிச் சுற்றுகளை எண்ண வேண்டும். ஒரே எண்ணிக்கை வரும் நூல்கள் ஒரே பருமன் உடையவை. ஒரு நூல் மற்றொன்றின் பாதியளவு பருமன் உடையதாயின், அதனை இரட்டித்துப் பயன்படுத்தலாம். சாயம் கசியுமா என்பதையும் சோதித்தல் நன்று. நனைத்த நூலை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் அது விளங்கிவிடும். சாயம் கசியும் சிவப்பு நூலை வெள்ளை நூலோடு சேர்ப்பது வெள்ளையையும் கெடுத்துச் சிவப்பையும் கெடுப்பதாகும்.

இறுதியாக நூலின் வலிமையை அறிதல் வேண்டும். இரு கைகளாலும் பற்றி இழுத்தபொழுது எளிதில் அறும் நூல் பாவிற்கு ஆகாது. பாவு தறியில் விறைப்பாக நின்று, அச்சின் உராய்வையும் மிதியின் இழுப்பையும் தாங்க வேண்டும். ஊடைக்கு அத்துணைத் துன்பம் இல்லை. ஆதலின் வலியதைப் பாவாக்கி மெலியதை ஊடையாக்குக என்பது நெசவின் அடிப்படை விதி. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்னும் பழமொழி இவ்வறிவின் பயனே.

பின்னும் முறைகள்

வகைப்படுத்திய நூலைப் பின்னுவதற்கு மூன்று முறைகள் எளியவை.

முதலாவது, கட்டம் கட்டமாகப் பின்னி இணைத்தல். பக்கத்திற்கு 15 சென்டிமீட்டர் உடைய சதுரங்களைத் தனித்தனியே பின்னி, எண்பது சேர்ந்தபின் அகலத்தில் எட்டும் நீளத்தில் பத்துமாக அடுக்கித் தைத்தால், 120 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் உள்ள போர்வை அமையும். எளிய பின்னலில் ஒரு வரிசைக்கு அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் செலவாகும் என்பது பின்னுவோர் கணக்கு. அக்கணக்கின்படி நடுத்தரப் பருமனுள்ள கம்பளியில் ஒரு சதுரத்திற்கு ஏறத்தாழ 12 கிராம் நூல் வேண்டும். போர்வை முழுவதற்கும் ஒரு கிலோகிராம் போதும். ஒரு வீட்டில் ஒரு கிலோ எச்சம் இல்லையெனினும், ஒரு வகுப்பிலுள்ள மாணவர் அனைவரும் ஆளுக்கு இரண்டு சதுரம் பின்னினால் ஒரு போர்வை ஆகிவிடும்.

ஓர் ஐயம் எழலாம். கையிலுள்ள நூல் ஒரு சதுரத்திற்குப் போதுமா என்பதை எங்ஙனம் அறிவது? இதற்கு ஒரு நுட்பம் உண்டு. சதுரத்தை ஒரு பக்கத்திலிருந்து தொடங்காமல் ஒரு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே சென்றால் பின்னல் முக்கோணமாக விரியும். பாதியை அடைந்தபின் வரிசைக்கு ஒரு கண்ணியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் எதிர் மூலையில் முடியும். தராசின் இரு தட்டுகளிலும் நூலைச் சமமாக நிறுத்து இரண்டு உருண்டைகளாகச் சுற்றி, முதல் உருண்டையைக் கூட்டுவதற்கும், இரண்டாம் உருண்டையைக் குறைப்பதற்கும் கொண்டால் நூல் குறைவதும் இல்லை, எஞ்சுவதும் இல்லை. சதுரம் பெரிதாகலாம், சிறிதாகலாம், குறையாக நிற்பதில்லை.

இரண்டாவது முறை கோடு கோடாகப் பின்னுதல். பல வண்ணங்கள் மாறி மாறி வரும்போது, ஒரு வண்ணம் எங்கும் ஊடே வருமாறு அமைத்தல் அழகு. வெண்மையோ கருமையோ ஒன்றைத் தளமாக்கி, ஏனைய வண்ணங்களை இடையிடையே அமைத்தால், வெவ்வேறு காலத்து எச்சங்களும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை போல் இயைந்து தோன்றும்.

மூன்றாவது முறை இரு நூல்களைக் கொண்டு உருவங்கள் பின்னுதல். ஸ்காட்லாந்திற்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் மக்கள் இதில் வல்லவர். அவர்தம் 'ஃபேர் ஐல்' பின்னலில் பல வண்ணங்கள் ஒளிரும். ஆயினும் ஒரு வரிசையில் இரண்டு வண்ணங்களே வரும். அவ்விரண்டில் முகப்பில் தோன்றாத நூல் பின்புறமாகச் செல்லும். இதனால் துணி இரட்டைப் படலமாகிக் கடலின் குளிர்காற்றைத் தடுக்கிறது. ஒவ்வொரு வண்ணமும் சிறிதளவே செலவாவதால், சிறு எச்சங்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

நெய்யும் முறை

நெசவிற்குப் பெருந்தறி வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடித்த அட்டை ஒன்று போதும். அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரைச் சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டுகள் இட வேண்டும். உறுதியான பருத்தி நூலை அவ்வெட்டுகளில் மேலும் கீழுமாக மாட்டினால் 41 இழைகள் கொண்ட பாவு அமையும். அதற்கு ஏறத்தாழ 12 மீட்டர் நூல் செலவாகும். முனை மழுங்கிய பெரிய ஊசியில் ஊடையைக் கோத்து, ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாகச் செலுத்த வேண்டும். திரும்பும்போது முன்பு மேலே சென்ற இடத்தில் கீழே செல்ல வேண்டும். சீப்பால் ஒவ்வொரு வரிசையையும் நெருக்க வேண்டும். ஓரங்களில் ஊடையை இறுக்கி இழுத்தல் ஆகாது. இழுத்தால் துணி நடுவில் குறுகி இடை சிறுத்துத் தோன்றும்.

கனத்த நூல் 10 மீட்டர் கையில் இருந்தால், ஓட்டத்திற்கு 22 சென்டிமீட்டர் வீதம் 45 ஓட்டங்கள் ஓட்டலாம். சென்டிமீட்டருக்கு மூன்று ஓட்டமாக நெருக்கினால் 15 சென்டிமீட்டர் துணி ஆகும். இரண்டு எச்சங்கள் சேர்ந்தால் அட்டையின் முழு நீளத்திற்கும் ஒரு விரிப்பு கிடைத்துவிடும். சூடான பாத்திரத்தின் அடியில் வைப்பதற்கும், மேசையில் விரிப்பதற்கும், இரண்டாக மடித்து ஓரம் தைத்துப் பென்சில் பையாக்குவதற்கும் அது பயன்படும்.

நெசவில் ஊடை முடிந்தால் முடிச்சிட வேண்டியதில்லை. பழைய நுனியும் புதிய நுனியும் நான்கைந்து இழைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்று செல்லுமாறு விட்டால் போதும். கம்பளியில் இதனினும் அழகிய வழி ஒன்று உண்டு. இரு நுனிகளையும் சிறிது பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நீரில் நனைத்து உள்ளங்கைகளுக்கு இடையே விரைந்து தேய்த்தால், கம்பளி மயிரின் நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இரு நூலும் ஒரே நூலாகும். சுருங்காதபடி பதம் செய்யப்பட்ட கம்பளியும், பருத்தியும், செயற்கை நூலும் இவ்வாறு பற்றா.

சிக்கனமும் உலோபமும்

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நூலைப் போற்றி வைத்தல் சிக்கனம் என்று எண்ணிப் பெட்டி பெட்டியாகக் குவிப்போர் உளர். சேமித்தல் வேறு, குவித்தல் வேறு. பயன்படும் நாளை முன்னிட்டுக் காப்பது சேமிப்பு. பயன்படும் நாளை எண்ணாது அடைத்து வைப்பது குவிப்பு. செல்வத்தைப் புதைத்து வைத்துத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாதவனை உலோபி என்று உலகம் பழிக்கும். நூலைப் புதைத்து வைப்பவர்க்கும் அப்பழி சிறிது உண்டு.

அவ்வாறு அடைபட்ட நூலைக் காலமும் விட்டு வைப்பதில்லை. கம்பளியில் அந்துப்பூச்சி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு இழையைத் தின்னும். கஞ்சி ஏறிய பருத்தி நூலை இராமபாணப் பூச்சி அரிக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை படரும். வெயில் பட்டால் சாயம் வெளிறும். சில ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறப்பவர் நூலைக் காண்பதற்கு மாறாகத் துகளைக் காண்பார். பலர் உழைப்பு ஒருவர் சோம்பலால் மண்ணாயிற்று என்பதன்றி அதற்கு வேறு பொருள் இல்லை.

மற்றொரு தவறும் உண்டு. எஞ்சிய நூலைச் செலவிடும் வேலைக்கென்று அதற்கு இணையான புது நூலை மிகுதியாக வாங்குவோர் உளர். வேலை முடியும்போது முன்னிருந்ததினும் மிகுந்த நூல் எஞ்சி நிற்கும். ஆதலின் வேலையைத் தீர்மானித்து நூலைத் தேடுவதினும், நூலைக் கண்டு வேலையைத் தீர்மானிப்பதே எச்சத்தைப் பயன்படுத்துவார்க்கு உரிய நெறி. கடைக்குச் செல்லும் முன் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். தமக்கு எவ்வாற்றானும் பயன்படாத நூல் என்று தெளிந்தால், அது கெடும் முன்னரே பின்னத் தெரிந்த பிறர்க்கு அளித்தல் வேண்டும். பள்ளியில் கைத்தொழில் பயிலும் சிறுவர்க்கும், முதியோர் இல்லங்களில் பொழுது போக்க வழியின்றி இருப்போர்க்கும் ஓர் உருண்டை நூல் ஒரு மாத மகிழ்ச்சி ஆகலாம்.

கைவினையின் பயன்

கைத்தொழிலின் வாயிலாகக் கல்வி கற்பித்தல் வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் கருத்து ஆராயப்பெற்று ஆதாரக் கல்வித் திட்டமாக உருப்பெற்றது. நூற்றலும் நெசவும் அதில் சிறப்பிடம் பெற்றன. நூலை எடையிடும் மாணவன் கணக்கைக் கற்கிறான். எரித்துச் சோதிக்கும் மாணவி அறிவியலைக் கற்கிறாள். அறுந்த இழையைப் பொறுமையோடு பிணைப்பவர் வாழ்க்கைக்கு வேண்டிய பெரும்பாடம் ஒன்றைக் கற்கிறார்.

நூலின் மதிப்பு அதன் விலையில் இல்லை என்பதற்கும் காந்தியடிகள் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1947ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்திற்குத் திருமணம் நடைபெற்றது. உடைமை ஏதும் இல்லாத அடிகள் யாது பரிசு அளிப்பது? தம் கையால் இராட்டையில் நூற்ற நூல் அவரிடம் இருந்தது. அந்நூலைக் கொண்டு பின்னிய ஒரு சிறு துணி, நடுவே 'ஜெய் ஹிந்த்' என்னும் எழுத்துகள் விளங்க, திருமணப் பரிசாகச் சென்றது. பொன்னும் மணியும் குவிந்த அரண்மனையில் அந்தப் பருத்தித் துணியும் இடம் பெற்றது. கொடுத்தவர்தம் உழைப்பு அவ்விழைகளில் இருந்தது. அதனினும் பெரிய பரிசு வேறு யாது?

எஞ்சிய நூல் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. தையற்பெட்டியின் மூலையிலோ, அலமாரியின் அடித்தட்டிலோ அது கிடக்கும். மாணவர் அதனைத் தேடி எடுத்து, வகைப்படுத்தி, நிறுத்து, அதன் அளவிற்கு ஏற்ற சிறு வேலை ஒன்றைத் தொடங்குவாராக. முதல் சதுரம் கோணலாகலாம். முதல் விரிப்பின் ஓரம் வளையலாம். பின்னலைப் பிரித்து மீண்டும் பின்னலாம். ஊடையை உருவி மீண்டும் ஓட்டலாம். நூல் அதற்கெல்லாம் இடங்கொடுக்கும். அங்ஙனம் முடிந்த ஒரு போர்வையைக் குளிரில் நடுங்கும் ஒருவர் மேல் போர்த்தும் நாளில், அந்நூலை முதன்முதல் நூற்றவர் முதல் பின்னியவர் வரை எல்லோர் உழைப்பும் தன் பயனை அடையும்.